நானே அடித்த புகாரும் நானே எழுதிய பதிலும்

எங்கள் ஊராட்சித் தலைவருக்கு வெளிநாட்டில் ஒரு பெரிய விருது கிடைத்திருக்கிறது என்ற செய்தி, ஊருக்குள் வருவதற்கு முன்பே நான் வேலை பார்த்த தட்டச்சுப் பள்ளிக்கு வந்துவிட்டது. கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஓர் உரக்கடையின் மாடியில் அந்தப் பள்ளி இருந்தது. காலையும் மாலையும் லோயர், ஹையர் பரீட்சைக்குப் பழகுகிறவர்கள் வந்து அடிப்பார்கள். நடுப்பகலில் மெஷின்கள் சும்மா இருக்கும். அப்போது மனு, பயோடேட்டா, வாடகை ஒப்பந்தம் என்று வெளியாட்கள் கொண்டுவருவதை நான் அடித்துக் கொடுப்பேன். கீழே உரக்கடைக்காரர்தான் ஒரு நாள் ஆங்கிலப் பேப்பரோடு படியேறி வந்து, உள்பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்த ஒரு சின்னச் செய்தியைக் காட்டி, இது உங்கள் ஊர்ப் பெயர்தானே என்று கேட்டார்.

எங்கள் ஊர்தான். ஐரோப்பாவில் இருக்கும் ஓர் அமைப்பு, குடிதண்ணீருக்காகப் பாடுபட்டவர்களுக்குக் கொடுக்கிற விருது. மந்திரிகளும் விஞ்ஞானிகளும் வாங்கியது என்று போட்டிருந்தது. அந்த வருஷம் பல நாடுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட சிலரில் எங்கள் தலைவரும் ஒருவர்.

நான் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் அது பொய். எனக்கு உடனே ஞாபகம் வந்தது எங்கள் வீட்டு வாசற்படி. குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியபோது அதை உடைத்துப் போட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவே இல்லை. அம்மா இரண்டு செங்கல்லை அடுக்கி, அதன்மேல் கால் வைத்து வீட்டுக்குள் ஏறிக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஊர் ஆவடி போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. பாதிப் பேருக்கு நிலம், மீதிப் பேருக்கு ஆவடித் தொழிற்சாலைகளிலும் அம்பத்தூர் பேட்டையிலும் வேலை. நான் ஏழாவது படிக்கும்போது அப்பா இறந்துபோனார். அதற்குப் பிறகு எங்களுக்கு எல்லாமே மாமாதான், அம்மாவின் தம்பி. எண்பதுகளில் அவர் நெல்லும் கீரையும் மல்லியும் போட்டுப் பார்த்தார். ஒரு வருஷம் வெள்ளம் கொண்டுபோனது, ஒரு வருஷம் வெயில் கொண்டுபோனது. நகரத்தில் தண்ணீர் கிடைக்காத காலம் வந்ததும் லாரிக்காரர்கள் தேடி வந்து அவர் கிணற்றில் குழாயை இறக்கினார்கள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. எங்களுக்கும்தான். நான் தட்டச்சுப் படித்தது அந்தத் தண்ணீர்க் காசில்தான்.

பெண்களுக்கு இடம் ஒதுக்கி ஊராட்சித் தேர்தல் வந்தபோது மாமா தன் மனைவியை, என் அத்தையை, நிற்கவைத்தார். எதிரில் நின்றவர், நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்த ஒரு பெண். அவருடைய கணவர் ஆவடித் தொழிற்சாலையில் பெயின்டர், ஓய்வு நேரத்தில் கட்சிக்குச் சுவர் எழுதுகிறவர். கணவரை ஆதரிக்க இருந்த கட்சி, ஒதுக்கீடு வந்ததால் மனைவியை ஆதரித்தது. அத்தை தோற்றார், அந்தப் பெண் தலைவரானார். மாமா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவர் போலத்தான் இருந்தார். புருஷன்காரன் சொல்லுகிற இடத்தில் கையெழுத்துப் போடப் போகிற பொம்பளைதானே, போகட்டும் என்றார். ஊரும் அப்படித்தான் நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு அந்தக் கோடை வந்தது.

ஊர்க் குடிதண்ணீர்க் கிணறு வற்றிவிட்டது. காலனியில் இருந்த இரண்டு கைப்பம்புகளும் வெறும் காற்றைத் துப்பின. ஆனால் வயல் கிணறுகளிலிருந்து லாரிகள் மட்டும் ஊர் நடுவே நிரம்பித் தளும்பிக்கொண்டு போயின. ஒரு நாள் காலை நான் போகிற பஸ் ஊர் எல்லையில் நின்றது. காலனிப் பெண்கள் குடங்களைச் சாலையில் வைத்துவிட்டு லாரிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒரு பெண்தான் முன்னால் இருந்தார். ஒடிசலான உடம்பு, ஊர் முழுக்கக் கேட்கிற குரல். நாங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி வேடிக்கை பார்த்தோம். ஒரு மணி நேரம் கழித்துத் தலைவர் வந்தார். எழுந்து போகச் சொல்லத்தான் வருகிறார் என்று எல்லோரும் நினைத்தோம். அவரோ செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, அந்தச் சூளைக்காரப் பெண்ணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

மூன்று நாள் அது நடந்தது. போலீஸ் வந்தது. அவருடைய கட்சியின் பெரிய ஆட்களே பூந்தமல்லியிலிருந்து காரில் வந்தார்கள். லாரி வைத்திருந்தவர்களில் ஒருவர் கட்சிக்கு வேண்டியவர். எழுந்திரு என்று அவர்கள் சொன்னதையும், அவர் தலையை ஆட்டி மறுத்ததையும், கணவர் தூரத்தில் ஒரு புளியமரத்தடியில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டதையும் நான் பார்த்தேன். கடைசியில் தாசில்தார் முன்னால் ஓர் ஏற்பாடு ஆயிற்று. கிணறு வைத்திருக்கிற ஒவ்வொருவரும் காலையில் முதல் இரண்டு மணி நேரம் ஊர்த் தொட்டிக்குத் தண்ணீர் விட வேண்டும். அதற்குப் பிறகுதான் லாரி. அடுத்த சில மாதங்களில் புதுக் குழாய் வந்தது. தலைவர் அதைத் தன் தெருவுக்குப் போடவில்லை. கடைக்கோடியில் இருந்த காலனிக்கு முதலில் கொண்டுபோனார். போகிற வழியில்தான் எங்கள் வாசற்படி உடைந்தது.

இவ்வளவையும் கண்ணால் பார்த்திருந்தேன். இருந்தும், பேப்பரில் செய்தி வந்த பத்து நாளைக்குள் மாமா நான்கு பக்கம் தமிழில் எழுதிக்கொண்டு பள்ளிக்கு வந்தபோது, நான் மறுக்கவில்லை.

"தோ பாரு கண்ணு, இத இங்கிலீஷ்ல போட்டு அடிச்சிக் குடு. அந்த வெள்ளைக்காரனுக்கு உண்மை தெரியணும்" என்றார்.

தலைவர் படித்தது ஐந்தாவது. நிர்வாகம் செய்கிறவர் கணவர். லாரியை மறித்தது காலனிப் பெண்கள், இவர் பின்னால் வந்து பேரைத் தட்டிக்கொண்டு போனார். இவர் ஒரு கட்சிக்காரர், அரசியல்வாதிக்கு இந்த மாதிரி விருது எதற்கு. போட்ட குழாயில் தினமும் தண்ணீர் வருவதும் இல்லை. இவ்வளவுதான் அதில் இருந்தது. நான் படித்துப் பார்த்தேன். ஒன்றுகூட முழுப் பொய் இல்லை. அதுதான் எனக்குச் சௌகரியமாகப் போயிற்று. மாமாவின் கோபத்தை எடுத்துவிட்டு, மரியாதையான ஆங்கிலத்தில், ஒவ்வொன்றையும் தனிப் பத்தியாகப் பிரித்து எழுதினேன். நன்றாகவே எழுதினேன். கீழே "ஊர்ப் பொதுமக்கள்" என்று போடச் சொன்னார். போட்டேன். கார்பன் பிரதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் தலைவர் படியேறி வந்தார். அதற்கு முன் அவர் அங்கே வந்ததில்லை. கையில் வெளிநாட்டு முத்திரை குத்திய ஒரு பெரிய கவர்.

"இன்னாவோ எழுதிக்கீறாங்க. படிச்சுச் சொல்றியாம்மா?" என்றார்.

மேலே இருந்தது அந்த அமைப்பின் கடிதம். தங்களுக்கு ஒரு புகார் வந்திருப்பதாகவும், அதன் நகலை இணைத்திருப்பதாகவும், அதற்கு அவர் தரப்பு விளக்கம் வந்தபிறகு விருதைப் பற்றி முடிவு செய்வதாகவும் எழுதியிருந்தார்கள். அடியில் இருந்தது நகல். என் மெஷினில் ஆங்கில "e" கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு விழும். பக்கம் முழுக்க அது தூக்கிக்கொண்டு நின்றது.

நான் அடித்ததை நானே அவருக்குப் படித்துத் தமிழில் சொன்னேன். ஐந்தாவது வரைதான் படித்தவர் என்று ஆரம்பிக்கும் இடத்தில் என் குரல் இறங்கிவிட்டது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தண்ணீர் தினமும் வருவதில்லை என்ற இடத்தில் மட்டும், ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். படித்து முடித்ததும் கவரை வாங்கிக்கொண்டு, பதில் எழுத வேண்டும், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். யார் எழுதியிருப்பார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரியாது என்று சொல்லியிருப்பேன்.

அன்று இரவு தட்டைப் பாதியில் நகர்த்திவைத்தேன். அம்மா என்ன என்று கேட்டதற்குத் தலைவலி என்றேன். மறுநாள் அவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும், அவர் வாய் திறப்பதற்குள் சொல்லிவிட்டேன். அந்தப் புகாரை ஆங்கிலத்தில் எழுதி அடித்தது நான்தான் என்றேன். யார் கொண்டுவந்தது என்பதைச் சொல்லவில்லை.

அவர் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நம்ம ஊர்ல இங்கிலீஷ் டைப் அடிக்கிறவ நீ ஒருத்திதானே. தெரிஞ்சிதான் உங்கிட்ட கொண்டாந்தேன்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சமாதானம் சொல்லவில்லை. கோபம் வந்தது நிஜம்தான், நேற்று வீட்டுக்குப் போய்ப் புருஷனைக் காரணமே இல்லாமல் திட்டினேன் என்றார். எழுதின பொண்ணுக்குத்தான் எதை எப்படி எழுதினோம் என்று தெரியும், அதனால் பதிலையும் நீயே எழுதிவிடு என்றார். என்னைத் தண்டிக்கிறாரா, நம்புகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. இன்றுவரை முழுக்கப் புரியவில்லை.

மூன்று மத்தியானம் அந்தப் பதிலை எழுதினோம். இரண்டாம் நாள் அவர் சூளைக்காரப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தார். சூளைத் தூசி படிந்த புடவையோடு அந்தப் பெண் பெஞ்சில் உட்காரத் தயங்கினார். தலைவர் நகர்ந்து இடம் விட்டுவிட்டு, கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

முதல் குற்றச்சாட்டுக்கு என்ன எழுதுவது என்று கேட்டேன். ஐந்தாவதுதான் படித்தேன் என்றே எழுது, அதில் என்ன என்றார். கணவர் விஷயம் வந்தபோது கொஞ்சம் யோசித்தார். நான் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அது முற்றிலும் பொய் என்று எழுதட்டுமா என்றேன்.

"வேணாம். மொத ஆறு மாசம் அவருதான் பாத்துகினாரு. நான் பின்னாடி நின்னேன். யூனியன் ஆபீஸ்ல ஒரு நாளு ஆபீசர் அவருகிட்ட கேள்வி கேட்டாரு. பதில் எனக்குத் தெரிஞ்சிது, அவருக்குத் தெரியல. அன்னைக்குத்தான் வாயத் தொறந்தேன். அத எழுது."

எழுதினேன். ஆங்கிலத்தில் அதை எழுதும்போதே எனக்கு அது பிடித்திருந்தது.

தண்ணீர் பற்றியும் அப்படித்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருகிறது, வெயில் காலத்தில் இரண்டு நாள்கூட ஆகிறது என்று எழுதச் சொன்னார். விருதையே நிறுத்திவிடுவார்களே என்றேன். நிறுத்தினால் நிறுத்தட்டும், நாளைக்கு ஒருத்தன் வந்து குழாயைத் திறந்து பார்த்தால் நம் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றார். விருது வேண்டாம் என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பதையும் நான் இங்கே சொல்ல வேண்டும். அவருக்கு அது வேண்டும். நன்றாகவே வேண்டும். பேப்பரில் வந்த அந்தச் சின்னச் செய்தியை வெட்டி நான்காக மடித்துப் பர்சில் வைத்திருந்தார். மடிப்பில் எழுத்து தேய்ந்துபோயிருந்தது.

லாரி மறியல் விஷயத்துக்கு வந்தபோதுதான் மூன்று பேரும் சிக்கிக்கொண்டோம். காலனி மக்களின் துயரத்தைக் கண்டு தலைவர் போராட்டத்தில் இறங்கினார் என்று நான் ஒரு வாக்கியம் எழுதி, தமிழில் சொல்லிக் காட்டினேன். சூளைக்காரப் பெண் கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

"அந்தம்மா வந்து எங்கள காப்பாத்தினாங்கன்னு எழுதாத. மொதல்ல போய் உக்காந்தது நாங்க. கொழாயும் எங்களுக்கு யாரும் தானமா குடுக்கல. ஓட்டுப் போட்டோம், கேட்டோம். ஆனா எங்க ஆயுசுல எத்தினியோ தலைவரு பாத்துட்டோம். எந்திரிச்சுப் போங்கன்னு சொல்லாம எங்க பக்கத்துல வந்து குந்தினது இந்தம்மா ஒருத்தர்தான். அத மட்டும் எழுது."

நான் தலைவரைப் பார்த்தேன். அவருக்கு அது வலித்திருக்கும் என்று நினைத்தேன். வலித்ததோ என்னவோ, தரையைப் பார்த்துக்கொண்டு, "அவங்க சொன்னத அப்படியே போடு" என்றார்.

அப்படியே போட்டேன். சூளைக்காரப் பெண் அதன் அடியில் கையெழுத்துப் போட்டார். அறிவொளி வகுப்பில் கற்றுக்கொண்ட கையெழுத்து, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நின்றது.

அவர்கள் போனபிறகு கடிதத்தை மறுபடி படித்தேன். எல்லாம் உண்மையாக இருந்தது, ஆனால் ஏதோ ஒன்று விட்டுப்போயிருந்தது. மற்றவர்கள் முதலில் உட்கார்ந்த இடத்தில் பிறகு வந்து உட்கார்ந்தவருக்கு எதற்கு விருது என்று வெளிநாட்டில் ஒருவர் கேட்டால், இந்தக் கடிதத்தில் பதில் இல்லை. அப்போதுதான் எனக்குத் தோன்றியது. தலைவர் வீட்டுப் பின்னால் ஒரு கிணறு உண்டு. அந்தக் கோடையிலும் அதில் தண்ணீர் இருந்தது. நாங்களே அதில் இறைத்துக்கொண்டு வந்திருக்கிறோம். அவர் அந்த மூன்று நாளும் வீட்டில் இருந்திருந்தால் அவருக்கு ஒரு குடம்கூடக் குறைந்திருக்காது. சாலைக்கு வந்ததால் கட்சியின் ஆதரவு போயிற்று, குழாயைக் காலனிக்கு முதலில் கொண்டுபோனதால் சொந்தத் தெருவின் ஆதரவும் போயிற்று. இதை இரண்டு மூன்று வரியில் என் பார்வையாக எழுதி, புகாரைத் தட்டச்சு செய்தவளும் நான்தான் என்பதையும் சேர்த்து, கடைசியில் என் பெயரில் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் தலைவரிடம் படித்துக் காட்டினேன். கிணற்றைப் பற்றி எல்லாமா எழுதுவாங்க என்று மட்டும் கேட்டார்.

விருதை உறுதி செய்து பதில் வந்தது. உண்மையை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி என்று ஒரு வரி அதில் இருந்தது. தலைவர் அந்த வரியை மூன்று தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

அதற்கடுத்து நடந்த கிராம சபைக் கூட்டத்துக்கு, வழக்கமாக வராதவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம். தலைவருக்குப் பாராட்டுத் தீர்மானம் போடலாம் என்று வார்டு உறுப்பினர் ஒருவர் எழுந்து சொன்னார். மாமா எழுந்தார். அன்று அவர் நல்ல வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், நிதானமாகத்தான் பேசினார்.

"ரோட்ல உக்காந்தது ஊரு. கெணத்துத் தண்ணிய விட்டது என்னை மாதிரி விவசாயி. மெடல் மட்டும் ஒருத்தருக்கா? இது இன்னா நியாயம்னு எனக்குப் புரியல, யாராவது சொல்லுங்க."

கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். தலைவர் பேசத்தான் எழுந்தார். அவர் தன்னைப் பற்றித் தானே என்ன சொல்ல முடியும் என்று தோன்றிய அதே நேரத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன். அதுவரை அந்த ஊரில் நான் பத்துப் பேர் முன்னால் பேசியதில்லை. பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

மாமா கேட்பது நியாயமான கேள்வி என்று ஆரம்பித்தேன். அதே கேள்வியை வெளிநாட்டுக்காரர்களும் கேட்டார்கள், கேட்க வைத்த கடிதத்தை அடித்தவளே நான்தான் என்றேன். மாமாவின் பக்கம் நான் திரும்பவில்லை. காலனிப் பெண்களுக்கும் விருது கொடுத்திருக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர்களுக்குக் கொடுக்கவில்லை என்பதற்காக இவரிடமிருந்து பிடுங்க வேண்டுமா?

"வீட்டுல கிணத்துல தண்ணி இருந்தும் ரோட்டுக்கு வந்தவங்க இந்த ஊர்ல எத்தனை பேர்? எங்க வீட்டுல இருந்து யாரும் வரல. நான் பஸ்ஸுக்குப் பக்கத்துல நின்னு வேடிக்கை பார்த்தேன். அவங்க வந்தாங்க. அதுக்குத்தான் அந்த மெடல்."

அவ்வளவுதான் பேசினேன். பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து சூளைக்காரப் பெண்ணின் குரல், தீர்மானத்தை எழுதுங்கள் என்றது. கைகள் உயர்ந்தன, எல்லாக் கைகளும் அல்ல. மாமா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு என்னைக் கடந்து வெளியே போனார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அம்மா என்னோடு பத்து நாள் பேசவில்லை. அப்பா இல்லாத வீட்டில் அரிசி கொண்டுவந்து போட்ட மனுஷனை ஊர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டாய் என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். நான் சொன்னது சரி என்று தெரிந்திருந்தும், அந்தப் பத்து நாளும் குற்றம் செய்தவளைப் போலத்தான் வீட்டில் நடமாடினேன்.

தலைவர் போய் விருதை வாங்கிக்கொண்டு வந்தார். ஆவடி குவார்ட்டர்ஸில், வடக்கே வேலை பார்த்துவிட்டு மாற்றலாகி வந்திருந்த ஒரு குடும்பத்திடம் ஸ்வெட்டர் இரவல் வாங்கிக்கொண்டுதான் போனார். திரும்பி வந்ததும் பள்ளிக்கு வந்து எனக்கு ஒரு சாக்லேட் டப்பா கொடுத்தார். மேடை எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டினாங்க. எனக்கு பாத்ரூம் எங்கன்னு யாருகிட்ட கேக்குறதுன்னு தெரியாம தவிச்சிகினு நின்னேன். கண்ணு கலங்கிட்டேன்னு அவங்க நெனச்சாங்க" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு, கொஞ்சம் கலங்கவும் செய்தது என்றார்.

மாமா ஒரு வருஷத்துக்கு மேல் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. எனக்கு முகப்பேரில் மாப்பிள்ளை பார்த்து முடிவானதும், அம்மா போய் அழைத்தாள். வந்தார். தாய்மாமன் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் குறையில்லாமல் செய்தார், என்னோடு மட்டும் பேசவில்லை. மாலை எடுத்துக் கொடுக்கும்போதுகூடப் பார்வையை வேறு பக்கம் வைத்துக்கொண்டார். மறுவீட்டுக்கு நாங்கள் வந்தபோது, சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில் நானும் அவரும் மட்டும் நின்றோம். பூந்தமல்லியில் ஒரு வக்கீலிடம் கொடுத்து, என் பதில் கடிதத்தின் நகலைப் படிக்கச் சொல்லிக் கேட்டாராம். அதை யார் கொடுத்தார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"ரெண்டு லெட்டரும் நல்லாத்தான் எழுதியிருந்தே கண்ணு" என்றார். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பந்தியைக் கவனிக்கத் திரும்பிப் போய்விட்டார். அதன்பிறகு நாங்கள் பழையபடி பேசிக்கொள்ள ஆரம்பித்தோம். தலைவரைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

அடுத்த தேர்தலில் தலைவர் தோற்றார். கட்சி அவரை ஆதரிக்கவில்லை, தனியாக நின்றார். காலனி அவருக்குப் போட்டது, அவருடைய சொந்தத் தெரு போடவில்லை. விருதைக் கொண்டுபோய் அடுப்பு எரிக்கச் சொல் என்று டீக்கடையில் யாரோ சொன்னதாக உரக்கடைக்காரர் வந்து சொன்னார். அப்போதும் எனக்கு வாதாடத் தோன்றியது. யாரிடம் வாதாடுவது? நான் முகப்பேரிலிருந்து பஸ் பிடித்து வேலைக்கு வந்துபோய்க்கொண்டிருந்த ஒருத்தி, அந்த ஊரில் எனக்கு இனிமேல் ஓட்டுகூடக் கிடையாது.

தோற்ற சில மாதங்களில் அவர் ஒரு மனுவோடு வந்தார். ஊருக்கு வரும் பஸ் காலையில் ஒரு நடை நிறுத்தப்பட்டிருந்தது. ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் வேலைக்குப் போகும் பெண்கள் கஷ்டப்படுகிறார்கள், மறுபடி விட வேண்டும் என்று போக்குவரத்து அதிகாரிக்கு மனு. தமிழில்தான். அடித்து முடித்துக் கடைசியில் அவர் பெயரைப் போட்டேன். பெயருக்குக் கீழே தலைவர் என்று போட விரல் தானாகப் போயிற்று, நிறுத்தினேன். கீழே என்ன போடுவது என்று தயங்கி, விருதின் பெயரைப் போடலாமா, உங்களுக்குக் கூச்சமாக இருக்குமா என்று கேட்டேன்.

"எதுக்குக் கூச்சம்? போடு, பெருசா போடு. அதப் பாத்தா அந்த ஆபீசர் என்னை உக்காரச் சொல்லுவான். உக்காந்தாத்தான் முழுசா பேச முடியும்."

பெரிய எழுத்தில் போட்டேன். அவர் காகிதத்தைத் தூக்கிப் பிடித்து, எழுத்துக்கூட்டி ஒரு தரம் படித்துப் பார்த்துவிட்டு, ஆவடி பஸ் வருகிறதா என்று ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.